நெருக்கடிக் காலத்தில் தலைமைப் பொறுப்பில் நிலைகுலையாதிருக்கும் வழிகள்

வருவாய் சரியும்போதும், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகும்போதும், ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழும்போதும், பொறுப்பில் இருப்பவர் அசையாமல் நிற்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பல மேலாளர்கள் அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தாமே தாங்க முயல்கிறார்கள். சில மாதங்களில் அவர்களே முதலில் சாய்ந்தும் விடுகிறார்கள். அப்படிப்பட்ட காலத்தில் குழுவுக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது உங்கள் சகிப்புத்தன்மையை விடவும் உங்கள் நிதானமான முடிவுகளே என்பதால், முடிவெடுக்கும் திறன் மழுங்காமல் பார்த்துக்கொள்வதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.

அத்திறனை முதலில் கெடுப்பது, எல்லா அதிகாரத்தையும் தன் கைக்குள் இழுத்துக்கொள்ளும் உந்துதல். அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் தனிமனிதர்களும் நிறுவனங்களும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை பாரி ஸ்டா, லான்ஸ் சாண்டிலண்ட்ஸ், ஜேன் டட்டன் ஆகிய மூவர் 1981இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள்: கவனிக்கும் தகவல்களின் வட்டம் சுருங்குகிறது, கட்டுப்பாடு மேல்மட்டத்தில் குவிகிறது, பழகிய வழிகளையே மனம் திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்கிறது. சூழ்நிலை மாறிவிட்ட பிறகு பழைய வழி உதவாது என்பதால், இந்த இறுக்கமே நெருக்கடியை மேலும் ஆழமாக்கிவிடக் கூடும். இது உங்களிடமும் தலைகாட்டுகிறதா என்று அறிய, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் ஒப்புதலுக்கு வந்த முடிவுகளைத் தாளில் எழுதுங்கள். முன்பு உங்கள் மேசைக்கே வராதவை அதில் எத்தனை என்று பார்த்து, அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். ஆனால் 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு தொகை வரை, எந்தெந்த விஷயங்களில் அவர்களே முடிவெடுக்கலாம், எது நேர்ந்தால் உங்களை உடனே அழைக்க வேண்டும் என்ற எல்லையையும் சேர்த்துச் சொன்னால்தான், பதற்றமான நாட்களில் அவர்கள் துணிந்து செயல்படுவார்கள்.

பொறுப்பைப் பகிர்வது பலவீனமாகத் தோன்றும் என்று அஞ்சுகிறவர்கள், நிலவை நோக்கிச் சென்ற அமெரிக்க விண்கலமான அப்போலோ 13இன் பயணத்தை நினைவில் கொள்ளலாம். 1970 ஏப்ரல் 13 அன்று விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது தரைக்கட்டுப்பாட்டு மையத்தில் பணியில் இருந்த இயக்குநர் ஜீன் கிரான்ஸ், சுமார் ஒரு மணி நேரத்திற்குப் பிறகு வழக்கமான பணிமாற்றப்படியே கிளின் லன்னியின் குழுவிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்தார். பின்னர் தன் குழுவைச் சுழற்சிப் பணியிலிருந்து விலக்கி, எஞ்சியிருந்த மின்சக்தியைக் கொண்டு விண்கலத்தை எப்படிப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவருவது என்ற ஒரே கேள்வியில் ஈடுபடுத்தினார். மூன்று வீரர்களும் ஏப்ரல் 17 அன்று உயிருடன் திரும்பினார்கள். மூன்று உயிர்கள் ஊசலாடிய நேரத்திலேயே பணிமாற்றம் நடக்க முடிந்தது என்றால், காலாண்டு இலக்கு தவறும் நேரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியாது என்பதை நம்புவது கடினம்.

உறக்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள் என்றாலும் ஒரு தகவலைத் தவிர்க்க முடியவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்திருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இது இரவு பதினொன்று. ஆகவே திரும்பப் பெற முடியாத எந்த முடிவையும், கோபத்தில் எழுதிய எந்த மின்னஞ்சலையும் அந்நேரத்தில் அனுப்பாமல், மறுநாள் காலை ஒருமுறை படித்த பிறகே அனுப்புவதை விதியாக்கிக்கொள்ளுங்கள்.

குழுவிடம் பேசும்போது, உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, அடுத்த தகவல் எப்போது வரும் என்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். 'இந்த மாதச் சம்பளத்தில் மாற்றமில்லை. அடுத்த ஆண்டுக்கான ஆள் எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மீண்டும் சந்திப்போம்' என்ற அளவே போதும். வெள்ளிக்கிழமை வரும்போது சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அச்சந்திப்பை ரத்துசெய்யக் கூடாது, ஏனெனில் ரத்தான கூட்டத்தின் இடத்தை வதந்தி உடனே நிரப்பிவிடும். 'யாருக்கும் வேலை போகாது' என்ற வாக்குறுதி உங்கள் அதிகாரத்திற்குள் இல்லையென்றால், எவ்வளவு இரக்கம் எழுந்தாலும் அதைச் சொல்லாதீர்கள். அது பொய்யாகும் நாளில், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மைகளும் எடுபடாமல் போகும்.

நீங்கள் சொல்வதைவிட, உங்களுக்குச் சொல்லப்படுவதுதான் கடினமான பகுதி. மருத்துவமனைக் குழுக்களில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை கொண்ட குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். 1996இல் வெளியான அந்த ஆய்வு, அக்குழுக்களில் பிழைகள் மறைக்கப்படாமல் பேசப்பட்டதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று விளக்கியது. அலுவலகத்திலும் இது பொருந்தும். நெருக்கடியின் நடுவே எந்தக் கெட்ட செய்தியும் உங்களை எட்டவில்லை என்றால், நிம்மதி அடையாமல் சந்தேகப்படுங்கள். யாராவது தயங்கியபடி ஒரு சிக்கலைச் சொல்ல வரும்போது, 'இதை ஏன் முன்பே சொல்லவில்லை?' என்பது வாயில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, 'சொன்னதற்கு நன்றி. இப்போது எதை முதலில் நிறுத்த வேண்டும்?' என்று கேளுங்கள். யார் தவறு என்ற விசாரணை மறுநாளுக்குக் காத்திருக்கலாம். நீங்கள் முதல் நிமிடத்தில் காட்டும் முகபாவம், அடுத்த செய்தி உங்களிடம் வருமா வராதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

உங்கள் பாரத்தை இறக்கிவைக்க ஒருவர் வேண்டும்; அவர் உங்களுக்குக் கீழ் பணிபுரிபவராக இருக்கக் கூடாது. வேறு துறையில் இதே நிலைப் பொறுப்பில் இருப்பவரோ, முன்னாள் மேலாளரோ, தேவைப்பட்டால் தொழில்முறை ஆலோசகரோ பொருத்தமாக இருப்பார். வீட்டில் இருப்பவர்களிடம் ஓரளவு சொல்லலாம். ஒவ்வொரு இரவும் முழுவதையும் கொட்டுவது அவர்களையும் சோர்வடையச் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணிச்சோர்வு வரக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், இது ஒரு நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் எழும் நிலையாகக் குறிக்கப்பட்டுள்ளது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்பு ஏற்படுதல், செயல்திறன் குறைந்துபோதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். இவற்றுள் இரண்டாவதைத்தான் தலைவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். முன்பு வருத்திய செய்திகள் இப்போது எதுவும் செய்வதில்லை என்பதை அனுபவ முதிர்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அறிகுறிகள் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மேலதிகாரியிடமும் பேசுங்கள். 'மிகவும் களைப்பாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் அனுதாபம் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது. எந்தப் பணியைத் தள்ளிவைக்கலாம், எதை யாரிடம் ஒப்படைக்கலாம், அந்த ஏற்பாடு எந்தத் தேதி வரை தேவை என்பதை எழுதி எடுத்துக்கொண்டு அந்தச் சந்திப்புக்குச் செல்லுங்கள்.