தொழுவத்து உண்ணிக்கு மெட்டாரைசியம் தெளிப்பது எப்படி?

சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்து நெருக்கமான கொட்டகைகளில் மாட்டுக்கு மட்டும் மருந்தடித்தால் உண்ணி ஒழியாது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தீவனத் தொட்டிக்கு அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தை அடிக்க வேண்டிய இடம் அதுதான். மாட்டின் மேல் அடித்தால் உடல் சூடே அதன் முளைப்பைக் கெடுத்துவிடும்.

வாங்கும் தூளில் கிராமுக்கு 10 கோடி பூஞ்சண வித்துகள் இருக்க வேண்டும். தேதி பாருங்கள், வெயிலில் அடுக்கிய பாக்கெட் வேண்டாம். பயிருக்குச் சொல்லும் லிட்டருக்கு 5 கிராம் உண்ணிக்குப் போதாது. 50 கிராம் போடுங்கள். லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், முதல்நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். தூளை அந்தத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து, பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். முகக்கவசம் கட்டாயம்.

சாணம் வாரிக் கழுவி, வெயில் தாழ்ந்தபின் வெடிப்புகள் நனைய அடியுங்கள். 15 நாளில் மறுபடியும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் நல்ல துணை. சித்திரை வெயிலில் பலன் குறைவு. சுண்ணாம்பு, பினாயில், பூஞ்சணக்கொல்லி அடித்த ஸ்பிரேயர் மூன்றும் வித்துகளைக் கொன்றுவிடும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, தெளித்த இடத்து உண்ணிகளை ஈரப் பஞ்சுடன் டப்பாவில் மூடி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் காலிடுக்கில் வெள்ளை இழை கிளம்பி, பிறகு பச்சைப் பொடியாகப் படியும்.

காய்ச்சலோ சிவந்த மூத்திரமோ கண்டால் பூஞ்சணத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாட்டைக் கொண்டுபோங்கள்.