நசுங்கியது கால், கெடுவது கிட்னி: எங்கே கோட்டை விடுகிறோம்?

சுவர் இடிந்து விழுந்ததில் இரண்டு மூன்று மணி நேரம் கால் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுக்கிறார்கள். தெளிவாகப் பேசுகிறார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ‘வெறும் வீக்கம்தான்’ என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் முதல் தவறு. அடி வாங்கியது தசை. அது எக்ஸ்ரேயில் தெரியாது.

பாரத்தை எடுத்து ரத்தம் மறுபடி ஓடத் தொடங்கியதும், சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற புரதமும் ரத்தத்தில் இறங்குகின்றன. முன்னது இதயத்தை நிறுத்திவிடும். பின்னது சிறுநீரக நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941-ல் எழுதினார்கள். முதலில் தேறுவதுபோல் தெரிந்தவர்கள், ஏறக்குறைய ஒரு வாரத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்.

அடுத்த தவறு, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்புவது. பாதிப்பு தொடங்கி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துத்தான் அது தெளிவாக ஏறும். முதல் நாள் ‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. கேட்க வேண்டியது சிபிகே, அதாவது தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைமின் அளவு. வழக்கமாக 200-ஐ ஒட்டி இருக்கும் இந்த அளவு 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது. உச்சத்தைத் தொட ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம் என்பதால் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பொட்டாசியத்தையும் ஈசிஜியையும் தள்ளிப்போடவே கூடாது.

சிறுநீர்ப் பரிசோதனையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் ‘ரத்தம் உண்டு’ என்று வரும். மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றிரண்டுகூட இருக்காது. லேப் தப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அந்த முரண்தான் துப்பு: ஸ்ட்ரிப் மயோகுளோபினையும் ரத்தம் என்றே காட்டும். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் சந்தேகமே வேண்டாம். ஆனால் நிறம் தெளிந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் கூடாது. மயோகுளோபின் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடலாம்.

‘யூரின் போனாரா?’ என்று கேட்டால் போதாது. எவ்வளவு போனார் என்று மணிக்கு மணி அளந்து எழுத வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் ஓடினால், அதுவே சிறுநீரகப் பாதிப்பு.

இனி, நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள். மீட்டதும் இளநீர் கொடுப்பது நம் வழக்கம். அதில் பொட்டாசியம் ஏராளம், இவருக்கு ஆகாது. வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) டிரிப்பிலும் கொஞ்சம் பொட்டாசியம் உண்டு. ஏற்றவேண்டியது சாதாரண சலைன். முடிந்தால் ஆள் இன்னும் இடிபாட்டுக்குள் இருக்கும்போதே, பெரியவர்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர் கணக்கில் தொடங்க வேண்டும். நிலநடுக்கப் பகுதிகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. சிறுநீர் பிரியாத ஆளுக்கு அதே வேகத்தில் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நிலையில் டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே மாற்ற வேண்டும்.