ஸ்டாப்வாட்சில் இரண்டு தசமம் இருந்தால் போதுமா?

ஏர்வாடிப் பக்கம் கடலை ஒட்டிய ஒரு பொட்டலில் பசங்க பைக் டைம் டிரையல், அதாவது ஒவ்வொருவராக ஓட்டி நேரத்தை ஒப்பிடும் போட்டி, நடத்தினார்கள். நேரம் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தொடக்கத்தில் கொடி, முடிவில் சுண்ணாம்புக் கோடு, கையில் ஸ்டாப்வாட்ச். முதல் இருவருக்கும் 48.31, 48.36. அந்த 0.05 நொடியை நம்பிக் கோப்பையைக் கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கொடி இறங்குவதைக் கண் பார்த்து விரல் அமுக்கவே சுமார் 0.2 நொடி ஆகிவிடும். முடிவில் வண்டி வருவது தூரத்திலேயே தெரிவதால் விரல் முந்திக்கொள்ளும். அதனால் கையால் எடுத்த நேரம் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். தடகளத்தில் 100, 200 மீட்டர் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது இதனால்தான். மீன் ஏலத்தில் தராசு எல்லாக் கூடைக்கும் நூறு கிராம் கூட்டிக் காட்டினால்கூட எந்தக் கூடை கனம் என்பதில் குழப்பம் வராது. தடவைக்கு ஒரு மாதிரி காட்டினால்தான் வம்பு. விரலும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு பிசகும். தடகளத்தில் கைநேரத்தை அடுத்த பத்தில் ஒரு நொடிக்கு ஏற்றித்தான் எழுதுவார்கள். அப்படி எழுதியிருந்தால் நம் பசங்க இருவருக்கும் 48.4, அதாவது சமன். பாதியில் ஆளை மாற்றி வாட்சைக் கைமாற்றுவது இன்னும் மோசம்.

சரி, ஒளிக்கற்றை சென்சார் வாங்கிவிட்டால்? அதன் உயரத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் முன்சக்கரமும் முடிவில் ஓட்டுபவரின் முழங்காலும் கற்றையை வெட்டினால் கணக்கு கெட்டது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 0.01 நொடியில் 20 சென்டிமீட்டர் போய்விடும். இரண்டு இடத்திலும் முன்சக்கர அச்சின் உயரத்திலேயே வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஸ்டாண்டு காலில் மணல்மூட்டை கட்டாமல் விடாதீர்கள். கடற்காற்றில் லென்சில் உப்புப் படியும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாயங்கால வெயில் நேராக விழும் பக்கம் சென்சாரைத் திருப்பவும் கூடாது.

தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என இரண்டு கடிகாரம் வைப்பவர்கள் காலையில் இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சாதாரண குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி, ஆறு மணி நேரத்தில் 0.4 நொடிக்கு மேல். ஒன்று பந்தல் நிழலிலும் மற்றொன்று வெயிலிலும் கிடந்தால் இடைவெளி இன்னும் கூடலாம், சூட்டில் அந்தப் படிகம் மெதுவாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் இரண்டு சென்சாரையும் ஒரே கடிகாரத்தில் இணைத்துவிடுங்கள்.

செல்போன் ஜிபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் இடம் குறிக்கும், அதற்குள் வண்டி 20 மீட்டர் போயிருக்கும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பரிசுக்கு வேண்டாம்.

அப்புறம், சமன் வந்தால் என்ன செய்வது என்பதை முன்னாடியே எழுதி ஒட்டிவிடுங்கள். 1997இல் ஹெரெஸ் ஃபார்முலா ஒன் தகுதிச்சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவருக்கும் ஆயிரத்தில் ஒரு நொடி வரை ஒரே நேரம்: 1:21.072. முதலில் அந்த நேரத்தை எட்டியவருக்கே முதலிடம் என்ற விதி கையில் இருந்ததால் சண்டை வரவில்லை. நாங்கள் இப்போது 0.2 நொடிக்குள் வந்தால் இருவரையும் மறுபடி ஓட விடுகிறோம். பெட்ரோல் செலவு கமிட்டியுடையது.