பைல் சந்து வழியாக மணல் ஒழுகியதை நிறுத்தியது எப்படி

திருவான்மியூரில் இரண்டு பேஸ்மென்டுக்காக 7 மீட்டர் பள்ளம். ஓரம் சரியாமல் இருக்க 600 மி.மீ. விட்டமுள்ள பைல்களை (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்கள்) வரிசையாக, மையத்துக்கு மையம் 750 மி.மீ. விட்டு இறக்கியிருந்தோம், அதாவது இடையில் 150 மி.மீ. சந்து. களிமண்ணாக இருந்தால் அந்தச் சந்தில் வளைவாகத் தானே நின்றுவிடும், கடற்கரை மணல் நிற்காது, அதுவும் நிலத்தடி நீர் 3 மீட்டரிலேயே இருக்கும்போது.

5 மீட்டர் தாண்டியதும் ஒரு சந்தில் தண்ணீர் கலங்கலாக வந்தது. தெளிவாக வந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கினால் சுவருக்குப் பின்னால் மண் காலியாகிறது. மறுநாள் பக்கத்து வீட்டு மதிலில் விரிசல், எனக்குத் தூக்கமே போய்விட்டது.

பள்ளத்துக்குள் பம்பை வேகமாக ஓட்டலாம் என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்றேன், உள்ளே நீர் இறங்க இறங்க வெளிநீர் இன்னும் வேகமாக மணலை இழுத்து வரும். முதலில் கசிவின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினோம். பைல் வரிசைக்கு வெளியே வடிகட்டி சுற்றிய ஆழ்துளைக் குழாய்கள் போட்டு, நீர்மட்டத்தை மெதுவாகத் தோண்டும் மட்டத்துக்குக் கீழே இறக்கினோம். அப்புறம் சந்துக்கு, மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, நீர் வடிய வலை சுற்றிய பிவிசி குழாய், பைலில் கம்பி அடித்துக் கட்டிய வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), அதன் மேல் 75 மி.மீ. ஷாட்கிரீட் (காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்). பின்னால் இருந்த வெற்றிடத்தில் குறைந்த அழுத்தத்தில் சிமென்ட் கிரவுட் (சிமென்ட் குழம்பு) செலுத்தினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மீட்டராகத்தான் தோண்டினோம், தோண்டிய அன்றே ஷாட்கிரீட். விரிசல் அகன்றால் உடையட்டும் என்று மதிலில் அதன் குறுக்கே ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு, ராஃப்ட் (அடித்தளக் கான்கிரீட் தளம்) போடும் வரை உடையவில்லை.