கிச்சாப் போத்தலையும் கொஞ்சம் கவனியுங்கள்

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பிரஷர் என்றதும் குழம்பில் உப்பைக் குறைப்போம். மேசையில் கிச்சாப் (சோயா சாஸ்) போத்தல் அப்படியே நிற்கும். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு! உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதோ நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. மலேசியர்களின் சராசரி 8 கிராமை ஒட்டி இருக்கிறது.

கிச்சாப்பை நேரே ஊற்றாமல் சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளுங்கள். மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டில் வரும் மசாலாத் தூளில் பாதி போதும். கருவாட்டை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரிப்பு இறங்கும். அந்தக் குழம்புக்குத் தனி உப்பு எதற்கு? புளியே தூக்கிக் கொடுக்கும்.

‘சோடியம் குறைந்த’ உப்பு வாங்குமுன் கிளினிக்கில் கேளுங்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.