பார்க்காமல் எழுதுவது: கலை இரசனைப் பாடநெறியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலை இரசனைக்கான அறிமுகப் பாடநெறியில் சேரும் மலையக மாணவர்களின் முதல் ஒப்படைகளைச் சில ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. எழுதியவர் படைப்பைப் பார்த்திருக்க மாட்டார். படைப்பைப் பற்றி வேறு யாரோ எழுதிய குறிப்பைத்தான் பார்த்திருப்பார். மற்றத் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சேர்வதற்கு முன்பே செய்யப்படும் இரண்டு தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்திரம் வரையத் தெரியாதவருக்கு இப்பாடம் ஒத்துவராது என்று ஒதுங்குவது ஒன்று. படம் பார்க்கிற பாடந்தானே, புள்ளி எளிதாகக் கிடைத்துவிடும் என்று நம்பிச் சேர்வது மற்றொன்று. கை வரைய வேண்டியதில்லை; ஆனால் கண் வேலை செய்ய வேண்டும். சாதாரண தரத்தில் சித்திரப் பாடத்துக்கு அதிதிறமைச் சித்தி பெற்றவர்களும் இங்கே தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

குறிப்பை மனனம் செய்து பரீட்சை எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒரு மாணவர் கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவை குகை விகாரையைப் பற்றி எழுதியிருந்தார். 18ஆம் நூற்றாண்டு, கண்டி மரபு, 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தொடங்கிய பணி, ஓவியர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என எல்லாமே சரியாக இருந்தன. புத்தரின் முற்பிறப்புக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகத்தைச் சித்திரிக்கும் பகுதியில் ஒரே உருவம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டேன். ஒரே உருவமா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

அந்தச் சுவரின் முன் நிற்பவர் முதலில் கவனிக்க வேண்டியதே அதுதான். கதை நீண்ட பட்டிகளாக ஓடுகிறது. இளவரசன் வெள்ளை யானையைத் தானம் செய்வதும், நாட்டைவிட்டு நீங்குவதும், பிள்ளைகளையே கொடுத்துவிடுவதும் சட்டம் போட்டுப் பிரிக்கப்படாமல் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஒரு மரமோ கட்டடமோ திரும்பி நிற்கும் ஓர் உருவமோதான் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதைச் சொல்கிறது. ஆகவே பார்ப்பவர் ஓரிடத்தில் நின்று பார்க்க முடியாது; கதையோடு நடக்க வேண்டும். பின்னணி சிவப்பு. தொலைவில் உள்ளவர் சிறுத்துத் தெரிவதில்லை, நிழல் விழுவதில்லை, காலியிடங்களைப் பூக்கள் நிரப்புகின்றன. இதைப் பார்த்துவிட்டு, ‘அக்கால ஓவியர்களுக்குத் தூரநோக்கு (தொலைவிலுள்ளதைச் சிறிதாக வரையும் முறை) தெரியாததால் உருவங்கள் தட்டையாக உள்ளன’ என்று எழுதுவது ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வருகிற தவறு. ஒரே சுவரில் பத்து வெவ்வேறு நேரங்களைக் காட்ட வேண்டிய ஓவியருக்கு, ஒரு கணத்தை ஒரு புள்ளியிலிருந்து காட்டும் தூரநோக்கு உதவாது; இடையூறாகவே இருக்கும். ஓவியருக்கு எது தெரியாது என்று கேட்பதை விட்டு, அவர் எதைச் செய்ய முனைந்தார் என்று கேட்டால் விடை வேறாகிவிடும்.

‘அச்சு அசலாக இருக்கிறது’ என்பதை உயர்ந்த பாராட்டாகக் கருதும் மனப்பான்மை ஓவியத்தோடு நிற்பதில்லை. பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் முதன்மையான புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரான அவர், 48 வயதில் மகள் பரிசளித்த கமராவோடு தொடங்கி, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தவர். அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக பஸ்ஸில் போய் இறங்கி அக்கல்லறையைப் பார்க்கக்கூடிய தூரத்தில் வாழும் மாணவர்கள்கூட, அவருடைய படங்களைத் திரையில் காட்டியதும் ‘மங்கலாக இருக்கிறது, கை ஆடிவிட்டது போலும்’ என்கிறார்கள். அவர் காலத்து விமர்சகர்கள் சிலரும் அதையேதான் சொன்னார்கள். முகத்தின் ஒரு பகுதி மட்டும் தெளிந்து, கூந்தலும் தோளும் இருளுக்குள் கரைவது அவர் தெரிந்து செய்த தெரிவு. அந்த மங்கல் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, அதனால் நம் கண் எங்கே போய்ச் சேர்கிறது என்று எழுதுபவரே பாடத்துக்குள் வந்தவர்.

கமரனை வைத்தே இன்னொரு தவறையும் காட்டலாம். அவர் இலங்கையில் எடுத்த படம் ஒன்றுக்கு ஒரு மாணவி, ‘தேயிலைக் கொழுந்து பறிக்கும் நம் மூதாட்டியரின் துயரம் இக்கண்களில் உறைந்துள்ளது’ என்று உருக்கமாக எழுதியிருந்தார். படத்தில் கொழுந்தும் இல்லை, கூடையும் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டிருந்தாலும், கமரன் இங்கிருந்த ஆண்டுகளில் மலைநாடு பெரும்பாலும் கோப்பி நாடாகவே இருந்தது. கோப்பியை நோய் அழித்து, தேயிலை பரந்து விரிந்தது 1880களில். அம்மாணவியின் உணர்வில் பொய்யில்லை. நம் கண்ணுக்கு அந்த முகம் அப்படித் தெரிவதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர் படத்தை விட்டுத் தன் நினைவைப் பார்த்து எழுதினார். படத்தையே பார்த்திருந்தால் கூர்மையான வேறொரு கேள்வி கிடைத்திருக்கும்: கவிஞர் டெனிசன், அறிவியலாளர்களான டார்வின், ஜோன் ஹேர்ஷல் ஆகியோரைப் படமெடுத்தபோது பெயரைத் தலைப்பாக இட்ட கமரன், இங்கே ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டது ஏன்?

எட்மண்ட் பெல்ட்மன் என்ற அமெரிக்கக் கலைக்கல்வியாளர் வகுத்த வரிசை பல அறிமுகப் பாடநெறிகளில் கையாளப்படுகிறது. முதலில் விவரணை, பிறகு பகுப்பாய்வு, பிறகு விளக்கம், கடைசியாக மதிப்பீடு. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவது விவரணை. கோடு, நிறம், ஒளி, வெளி ஆகியவை ஒன்றோடொன்று எப்படி இயைகின்றன என்று பார்ப்பது பகுப்பாய்வு. பொருள் சொல்வதும் தரம் சொல்வதும் அதன் பின்னரே. நம் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘மிக அழகாக உள்ளது’ என்று மதிப்பீட்டில் தொடங்கி, வாழ்க்கைத் தத்துவம் ஒன்றைச் சொல்லி, இடமிருந்தால் நிறங்களைக் குறிப்பிடுகிறார்கள். இந்த வரிசையை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனக்கும் சில இடங்களில் அது இறுக்கமாகத்தான் தோன்றுகிறது. முதல் பருவத்திலாவது அதைப் பின்பற்றினால், ஆதாரமில்லாத வாக்கியத்தை எழுதக் கை கூசும்.

‘அழகாக உள்ளது’ என்பது விடையாகாது என்று சொன்னால், பிறகு எப்படித்தான் எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் சீகிரியாவில் கண்ணாடிபோல் மெருகிட்ட ‘கண்ணாடிச் சுவரை’க் காட்டுவேன். 5ஆம் நூற்றாண்டு ஓவியப் பெண்களைக் காண ஏறி வந்தவர்கள், குறிப்பாக 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை, தம் எண்ணங்களைச் சுவரிலேயே கவிதையாகக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான 1956இல் அவற்றுள் 685 கவிதைகளைப் படித்து வெளியிட்டார். பொன்னிற மேனியைச் சொல்கிறவர் உண்டு, கையிலுள்ள மலரைச் சொல்கிறவர் உண்டு, இப்பெண்கள் ஏன் பேசவில்லை என்று ஊடுகிறவர் உண்டு. பெண்கள் எழுதியவையும் உண்டு. தான் கண்ட ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் ஒவ்வொருவரும் பேசுகிறார். (சுவரில் எழுதுவதை மட்டும் அவர்களிடமிருந்து கற்க வேண்டாம், இன்று அது தண்டனைக்குரிய குற்றம்.)

கைபேசித் திரையை நம்புவது அண்மைக்காலத் தவறு. திரையில் எல்லாப் படைப்பும் உள்ளங்கை அளவுதான். மோனா லிசா வெறும் 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது; பிக்காசோ 1937இல் வரைந்த குவெர்னிக்காவோ 3.49 மீற்றர் உயரமும் 7.77 மீற்றர் அகலமும் உடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைகள் இரண்டின் நீளச் சுவர்களை ஒட்டிவைத்தாலும் குவெர்னிக்காவுக்கு இடம் போதாது. கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டுமே கொண்ட அவ்வளவு பெரிய பரப்பில் அலறும் உருவங்கள் நம்மைவிடப் பெரிதாக நிற்கும்போது ஏற்படும் திணறலைத் திரை தராது. ஒவ்வொரு படத்தையும் பார்க்கும் முன் அதன் அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு தடவையாவது அளவுநாடாவால் சுவரில் அளந்து பார்ப்பது நல்லது. குவெர்னிக்கா இருக்கும் மட்ரிட்டுக்குப் போக முடியாதுதான். கண்டித் திரித்துவக் கல்லூரியின் தேவாலயச் சுவர்களில் டேவிட் பெயின்ரர் வரைந்த ஓவியங்கள் அருகிலேயே இருக்கின்றன; விவிலியக் காட்சிகளை இலங்கை நிலத்திலும் இலங்கை முகங்களிலும் அவர் நிறுத்தியிருக்கிறார். பாடசாலை வளாகம் என்பதால் முன்கூட்டி அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும்.

விரும்பிய கலைப்படைப்பு ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் மோனா லிசாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தையோ, மாசியில் நடக்கும் காமன் கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் பூசும் அரிதாரத்தையோ எழுதலாமா என்று கேட்கவே கூச்சப்படுகிறார்கள். தாராளமாக எழுதலாம். எழுதத் துணிந்தவர்களிடம் இதற்கு நேர்மாறான தவறொன்று வந்துவிடுகிறது. நம்முடையது என்பதற்காகவே வரிக்கு வரி புகழ்ந்துவிட்டு, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இராசகோபுரம் 108 அடி உயரம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேல்தட்டுச் சிற்பங்கள் கீழ்த்தட்டுச் சிற்பங்களிலிருந்து அளவில் எப்படி வேறுபடுகின்றன, வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எந்த நிறம் முதலில் படுகிறது என்பனவற்றை அவர்கள் தொடுவதே இல்லை.

மொழி தொடர்பான தவறு சற்று வேறானது. தமிழில் இப்பாடத்துக்கான நூல்கள் குறைவு என்பதால், ஆங்கிலக் கட்டுரையைக் கணினியில் மொழிபெயர்த்து அப்படியே ஒட்டுகிறார்கள். அதில் ‘நிறத்தின் மதிப்பு’ என்று வந்தால், அது விலையல்ல, நிறத்தின் வெளிர்வும் கருமையும் என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை. தமிழ்நாட்டு நூலில் ஒரு சொல்லும் நமது பாடநூலில் வேறொரு சொல்லும் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. ஓர் அப்பியாசக் கொப்பியில் கலைச்சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தான் நேரில் பார்த்த ஓர் எடுத்துக்காட்டைக் குறித்து வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இறுதிப் பரீட்சையில் இரண்டு படைப்புகளை ஒப்பிடும் வினா பெரும்பாலும் வரும். முதலாவதைப் பற்றி ஒரு பக்கம், இரண்டாவதைப் பற்றி ஒரு பக்கம், கடைசியில் ‘இரண்டும் சிறந்தவை’ என்று எழுதுவது ஒப்பீடு ஆகாது. ஒவ்வொரு பந்தியிலும் இரண்டும் வர வேண்டும். பழகுவதற்குக் கண்டிக்கு மேற்கே கடலாதெனி விகாரையும் இலங்காதிலக விகாரையும் போல் வாய்ப்பான இணை வேறில்லை. இரண்டும் 1344ஆம் ஆண்டுக்குரியவை, சில கிலோமீற்றர் இடைவெளியில் நிற்பவை. ஒன்று கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியக் கட்டடக் கலைஞர் கல்லில் எழுப்பியது. மற்றது ஸ்தபதி ராயர் செங்கல்லில் எழுப்பியது. கடலாதெனியின் தூண்களிலும் விமானத்திலும் தென்னாட்டுக் கோயிலின் சாயல் உடனே தெரியும். இலங்காதிலகத்தின் பாறைக் கல்வெட்டோ சிங்களத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டடப் பொருள் மாறும்போது சுவரின் தடிப்பும் வாசலின் அகலமும் அலங்காரத்தின் ஆழமும் எப்படி மாறுகின்றன என்று இரண்டையும் ஒரே பந்தியில் எழுதிப் பார்க்கலாம்.

களப்பயணத்தைப் போயா நாளில் வைப்பதும் ஒரு தவறு. வழிபட வருவோர் நெரிசலில் ஒரு தூணின் முன் ஐந்து நிமிடம் நிற்க இயலாது, நிற்பதும் முறையல்ல. அதே பாதையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் என்ற கோயிலையும் சேர்த்து மூன்றையும் அரை நாளில் முடித்துவிடத் துடிப்பவர்கள் கைபேசி நிறையப் படங்களோடு திரும்புகிறார்கள். எம்பெக்கேயின் மரத்தூண்களில் மல்யுத்த வீரர்களும் பின்னிய அன்னங்களும் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, பின்னிய அன்னங்களின் கழுத்தில் எது மேலே போகிறது, எது கீழே போகிறது என்று பென்சிலால் ஒரு தடவை வரைந்து பாருங்கள். சித்திரம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அதற்குப் புள்ளி கிடையாது.