என்னுடையதல்லாத பைக்குக்கு என் பெயரில் சலான்

ஹெல்மெட் போடவில்லை என்று 1,000 ரூபாய் சலான் செல்போனுக்கு வந்தது. இடம் கடலூர் மஞ்சக்குப்பம். அந்த நேரத்தில் என் ஸ்கூட்டர் திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

செய்தியில் இருந்த லிங்க்கைத் தொடவில்லை. சலான் என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) அனுப்பிக் கணக்கைத் துடைக்கிற கும்பல் இப்போது அதிகம். நேராக அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். சலான் நிஜம்தான். கூட இருந்த போட்டோவைப் பெரிதாக்கினால், பல்சர் பைக்! நம்பர் பிளேட்டில் சேறு. 3-ஐ 8 என்று படித்திருக்கிறார்கள்.

"ஆயிரம்தானே, கட்டித் தொலைடா" என்றார் மாமா. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அதுவும் ஹெல்மெட் வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு அபராதத்தோடு 3 மாத லைசென்ஸ் தகுதியிழப்பும் சொல்கிறது. சும்மா விடுவதா?

அதே தளத்தின் புகார் பகுதியில் ஆர்.சி.யையும் ஸ்கூட்டரின் பின்பக்கப் போட்டோவையும் ஏற்றினேன். பதிலே காணோம். அப்புறம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கே போனேன். எஸ்.ஐ. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வண்டியே வேறயா இருக்கே சார்" என்று மனு எழுதித் தரச் சொன்னார். சில நாளில் நிலுவைப் பட்டியலில் அந்தச் சலான் இல்லை.